மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வரும் மறைவிட அரிப்பு: ஆரம்ப சுகாதார நிலையத்தில் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி
எழுதியவர்: செம்மண்சாலை

வணக்கம். காரைக்குடியை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவராகச் சேர்ந்து 14 மாதங்கள் ஆகின்றன. எம்.பி.பி.எஸ். முடித்தவள், மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பு இல்லை. இங்கே மூத்தவர்கள் எழுதுவதைப் பல மாதங்களாகப் படித்துவரும் துணிவில் இதைக் கேட்கிறேன்.

எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெண்கள் முதலில் மூட்டுவலி என்றோ தலைசுற்றல் என்றோ சொல்லித்தான் உட்காருகிறார்கள். நான் சீட்டை எழுதி நீட்டும் நேரத்தில்தான் குரலைத் தாழ்த்தி, "வெள்ளைப்படுது", "சூட்டுனால வெட்டையா இருக்கு" என்று வந்த காரணத்தைச் சொல்கிறார்கள். அதற்குள் அடுத்த நோயாளி மேசையருகே வந்து நின்றுவிடுவார். நானும் செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் அடங்கிய பச்சை நிறத் தொகுப்பை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். சிலர் குணமடைகிறார்கள், வேறு சிலர் ஒரு மாதத்தில் அதே புகாருடன் வருகிறார்கள், மறுபடியும் அதே பச்சைத் தொகுப்பைக் கொடுக்கும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இப்போது மூன்று பேர் என் மனத்தில் நிற்கிறார்கள். ஒருவர் கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து வரும் 64 வயது ஆச்சி. மூன்று ஆண்டுகளாக அரிப்பு. "ராத்திரியானா நமநமன்னு அரிக்குது ஆத்தா, தூங்கவே விடலை" என்கிறார். பூஞ்சைக்கான மாத்திரையும் களிம்பும் எத்தனை முறை வாங்கினார் என்பது அவருக்கே நினைவில்லை. சர்க்கரை இல்லை. இரண்டாமவர் புதுவயலில் அரிசி ஆலையில் வேலை செய்யும் 47 வயதுப் பெண். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். தயிர்த் திரள் போல வெள்ளைப்படுவதாகச் சொல்கிறார். ஃப்ளூகோனசோல் கொடுத்தால் பத்து நாள் நன்றாக இருக்கிறது, பிறகு திரும்பிவிடுகிறது. மூன்றாமவர் 26 வயதானவர். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அவர் விடுப்பில் வந்து போனதிலிருந்து வாடையுடன் வெள்ளைப்படுகிறது.

எங்கள் ஆய்வகத்தில் சளிப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் மைக்ராஸ்கோப் ஒன்று உண்டு. வளர்ப்புச் சோதனைக்கு வசதி இல்லை. இந்த நிலையில் நான் எதை முதலில் பார்க்க வேண்டும், யாரை எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்று விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1
எழுதியவர்: மருந்துக்கடை_தேவகோட்டை

நான் மருத்துவர் அல்லன். 22 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். மருந்துக்கடைக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே ஏதோ ஒரு மருந்துக்கடையில் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் மூன்றுமாகக் கலந்த ஒரு டியூபை வாங்கித் தடவியிருப்பார்கள். பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள். பழைய டியூபின் அட்டையைக் கிழித்து மகன் கையில் கொடுத்தனுப்புவார்கள். 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்து, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கிய பிறகும் இந்தப் பழக்கம் முழுதாக ஒழியவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஆகையால் "மருந்து ஏதாவது போட்டீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், "டியூப் ஏதாவது தடவினீர்களா? அடுத்த தடவை வரும்போது அதைக் கொண்டுவாருங்கள்" என்று கேளுங்கள்.


பதில் 2
எழுதியவர்: பட்டாலை

நான் காரைக்குடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மகப்பேறு மருத்துவம் பார்ப்பவள். உங்கள் கேள்வியில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று பேரைப் பற்றியும் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அரிப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு பூஞ்சை, தோல் நோய், ஒவ்வாமை, மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சி, புற்றுநோயின் தொடக்கம் ஆகியவற்றை யாராலும் பிரித்தறிய முடியாது. இதை உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்றால், அது நானே இந்தத் தவற்றைச் செய்தவள் என்பதால்தான்: பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஓராண்டு க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தை எழுதிக்கொண்டிருந்தேன்; ஒருநாள் சிறுநீர் போக முடியவில்லை என்று வந்தபோதுதான் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தேன். சிற்றுதடுகள் இருந்த இடமே தெரியவில்லை. யோனிப் பாதை பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

முதலில் ஆச்சியின் விஷயம். பூஞ்சைக்கு ஈஸ்ட்ரோஜென் வேண்டும். ஈஸ்ட்ரோஜென் இருந்தால் யோனியின் தோலில் கிளைக்கோஜென் சேரும். அந்தச் சூழலில்தான் கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சை தழைக்கும். எனவே மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன, சர்க்கரை இல்லாத, ஹார்மோன் மருந்து எடுக்காத ஒரு பெண்ணுக்குக் கேண்டிடா வருவது அரிது. 64 வயதில், சர்க்கரை இல்லாமல், மூன்று ஆண்டுகளாக இரவில் அரிக்கிறது என்றால், என் மனம் பூஞ்சையை ஓரமாக வைத்துவிட்டு லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற நாள்பட்ட தோல் நோயைத்தான் முதலில் தேடும். பூப்படையாத சிறுமிகளுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். அவர்களிடமும் கேண்டிடா அரிது, லைக்கன் ஸ்க்ளீரோசஸ் உண்டு, கீரிப்பூச்சியும் உண்டு.

அதை எப்படி அடையாளம் காண்பது? தோல் வெளுத்து, பளபளத்து, நுண்ணிய சுருக்கங்களோடு இருக்கும். பாடநூல்கள் சிகரெட் தாள் என்கின்றன. உரித்த பூண்டின் மெல்லிய தோலை விரலில் கசக்கிப் பாருங்கள், அதுதான். வெளுப்பு புற உறுப்பைச் சுற்றி, கீழே மலவாயையும் சுற்றி, 8 என்ற எண்ணின் வடிவில் பரவியிருக்கலாம். யோனிக்குள் போகாது. சொறிந்த இடத்தில் சிறு இரத்தக் கசிவும் வெடிப்பும் இருக்கும். சிற்றுதடுகள் தேய்ந்து பேருதட்டோடு ஒட்டியிருக்கும். கிளிட்டோரிஸின் மேல்மடிப்பு மூடிக்கொண்டிருக்கும். வெளுப்பைப் பார்த்தவுடன் வெண்படை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வெண்படையில் நிறம் மட்டுமே போகும், தோலின் மென்மையும் உறுப்பின் அமைப்பும் கெடாது, பெரும்பாலும் அரிக்காது. ஆச்சிக்கு இதில் இன்னொரு பயமும் இருக்கக்கூடும்: வெளுத்த தோலைத் தானே கண்டுவிட்டுக் குஷ்டம் என்று நினைத்து வீட்டில் வாய் திறக்காமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மருத்துவம், வீரியம் மிக்க ஸ்டீராய்டான க்ளோபெட்டசால் புரோப்பியோனேட் 0.05 சதவீதம், க்ரீமாக அல்லாமல் எண்ணெய்த்தன்மையுள்ள ஆயின்ட்மென்டாக. ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். அந்த அளவை முதல் மாதம் தினமும் இரவில், இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரத்திற்கு இருமுறை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 30 கிராம் டியூப் ஒன்று மூன்று மாதம் வரும். ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டால் அதிகம் தடவுகிறார், மூன்று மாதம் கழித்தும் பாதி மிச்சமிருந்தால் பயந்து தடவாமல் விட்டிருக்கிறார். பயப்படுவதற்கும் காரணம் உண்டு: டியூபோடு வரும் தாளிலேயே பிறப்புறுப்பில் தடவ வேண்டாம் என்றிருக்கும், மகனோ மருமகளோ அதைப் படித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அவர்களையும் உட்காரவைத்து, இந்த நோய்க்கு இந்த இடத்தில் இதுதான் மருந்து என்று சொல்லிவிடுங்கள். எந்த இடத்தில் தடவுவது என்பதை வாயால் சொன்னால் புரியாது. ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து அவரையே பார்க்கவைத்து விரலால் காட்டுங்கள். நாற்பது ஆண்டுக்கு முன் பிள்ளை பெற்ற ஆச்சிமாரில் பலர் அன்றுதான் முதன்முதலாகத் தம் உடலின் அந்தப் பகுதியைப் பார்ப்பார்கள்.

அரிப்பு சில வாரங்களில் அடங்கும்; வெளுப்பு முழுதும் மாறாமல் போகலாம்; ஒட்டிப்போன உதடுகள் பிரியா. மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்தில், அதன்பின் ஆண்டுக்கொரு முறையேனும் பார்க்க வேண்டும். மருத்துவம் செய்யாத லைக்கன் ஸ்க்ளீரோசஸில் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே என்றாலும் சிலருக்குப் புற்றுநோய் வருகிறது; ஒழுங்காக மருந்திட்டு வருபவர்களிடம் அது இன்னும் குறைவு.

அடுத்து, யோனிக் கசிவு. உங்களுக்கு வேண்டியவை மூன்று: அமிலத்தன்மையை நான்கிலிருந்து ஏழு வரை நுட்பமாகக் காட்டும் பி.எச். தாள், சலைன், பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. எல்லாம் சேர்ந்து பெரிய செலவில்லை. பஞ்சுக் குச்சியால் யோனியின் பக்கச் சுவரில், நடுப்பகுதியில் தொட்டு எடுத்துத் தாளில் தேயுங்கள். கருப்பை வாயின் சளியையோ ஜெல் தடவிய ஸ்பெகுலத்தையோ (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) தொட்டுவிட்டால் அளவு பொய்யாகும். இரத்தமும் விந்தும்கூட எண்ணை உயர்த்தும். மாதவிடாய் வரும் வயதில் இயல்பான அளவு 3.8 முதல் 4.5 வரை. கேண்டிடாவில் இது மாறுவதில்லை. 4.5-ஐத் தாண்டினால் பாக்டீரியா வஜைனோசிஸ் (யோனியின் இயல்பான பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது) அல்லது டிரைக்கோமோனாஸ் (உடலுறவால் தொற்றும் ஓரணு ஒட்டுண்ணி) பக்கம் போங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு இயல்பாகவே 5-க்கு மேல் இருக்கும் என்பதால் அவர்களிடம் இந்தத் தாளை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அதே குச்சியைக் கண்ணாடித் தகட்டின் ஒரு பக்கம் சலைன் சொட்டிலும் மறுபக்கம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டிலும் கலக்குங்கள். கலந்தவுடன் கருவாட்டு வாடை எழுந்தால் அதுவே ஒரு குறி. ஆம்செல் 1983-இல் வகுத்த நான்கு அளவுகோல்களில் மூன்று இருந்தால் பாக்டீரியா வஜைனோசிஸ்: ஒரே சீராகப் படிந்த நீர்த்த கசிவு, 4.5-க்கு மேல் பி.எச்., அந்த வாடை, க்ளூ செல்கள். விளிம்பெல்லாம் எள் அப்பிய தட்டையைப் போல யோனித் தோலின் செல்லில் பாக்டீரியா மொய்த்திருப்பதுதான் க்ளூ செல். டிரைக்கோமோனாஸ் பேரிக்காய் வடிவில் துடித்துத் துடித்து ஓடும். ஆனால் தகடு ஆறிவிட்டால் அசைவு நின்று வெள்ளணுவைப் போலவே தெரியும், ஆகையால் பத்து நிமிடத்திற்குள் பார்க்கச் சொல்லுங்கள். கேண்டிடாவைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பக்கத்தில் தேடுங்கள். மற்ற செல்கள் கரைந்துபோக, கணுக்கணுவாய் நீளும் இழைகள் தனித்துத் தெரியும். தகட்டில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோயே இல்லை என்று ஆகாது. ஏறத்தாழப் பாதிப் பேரிடம் மைக்ராஸ்கோப் கேண்டிடாவைத் தவறவிடும்.

மூன்றாமவருக்கு டிரைக்கோமோனாஸாக இருந்தால் மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் காலையும் இரவும் ஏழு நாட்கள். கணவருக்கும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். அவர் சிங்கப்பூரில் இருந்தால் அங்கேயே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையேல் அடுத்த விடுப்பில் நோயும் சேர்ந்து வரும். நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனையும், மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனையும் செய்யுங்கள். பாக்டீரியா வஜைனோசிஸ் என்றால் மருந்து அதேதான். பால்வினை நோய் என்று அதற்குப் பெயர்சூட்டி ஒரு குடும்பத்தைக் கலைத்துவிடாதீர்கள். இந்த ஊரில் அப்படி நடந்ததை அறிவேன்.

இரண்டாமவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: சர்க்கரைக்கு என்ன மாத்திரை?


பதில் 3
எழுதியவர்: தோல்_மதுரை

பட்டாலை அம்மாவின் பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். தோல் மருத்துவன் என்ற முறையில் இரண்டு இடங்களில் சேர்க்கவும் ஓரிடத்தில் சற்று மாறுபடவும் விரும்புகிறேன்.

மாறுபடுவது திசுப் பரிசோதனையில். நோயின் தோற்றம் பாடநூலில் உள்ளபடியே இருந்தால் அது இல்லாமலேயே க்ளோபெட்டசால் தொடங்கலாம் என்பது அம்மாவின் எழுத்தில் உட்கிடையாக இருக்கிறது. உலக அளவில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பல மாதங்கள் கலவைக் களிம்பு தடவி வந்தவரிடம் தோற்றம் குழம்பியிருக்கும். ஸ்டீராய்டு தொடங்கிய பின் எடுத்தால் திசுவின் படமும் மங்கிவிடும். ஆகையால் சந்தேகம் இருந்தால் மருந்துக்கு முன்பே, மரத்துப்போகும் ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் பஞ்ச் (தோலில் சிறு வட்டத்துண்டு எடுக்கும் கருவி) கொண்டு எடுத்துவிடுவது நல்லது. ஆறாத புண், தடித்த மேடு, கட்டி, தொட்டால் இரத்தம், முறையாக மூன்று மாதம் மருந்திட்டும் மாறாத தோல் ஆகிய எதுவாயினும் பொறுத்துப் பார்க்காமல் திசு எடுக்க வேண்டும். 2012-இல் தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அருகில் இருப்பதால் மதுரை வரை அலையவைக்க வேண்டியதில்லை.

சேர்ப்பதில் முதலாவது படர்தாமரை. தொடையிடுக்கில் தொடங்கி, விளிம்பு சிவந்து உயர்ந்து, நடுவில் தெளிந்து வளையமாகப் பரவுவது அதன் இயல்பு. ஸ்டீராய்டு கலந்த டியூப் தடவியவரிடம் அந்த வளையமே காணாமல் போய், இடுப்புவரை ஓடியிருக்கும். அதன்மேல் நாம் க்ளோபெட்டசாலைத் தடவினால் எரியும் தீயில் எண்ணெய் ஊற்றியது ஆகும். விளிம்பைச் சுரண்டி எடுத்து அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் பாருங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கிறதா, துண்டு பொதுவா என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, தோலைக் கெடுக்கும் கழுவல். அரிப்பு வந்ததும் வெந்நீரில் கிருமிநாசினித் திரவத்தைக் கலந்து காலையும் மாலையும் கழுவுவது, அது போதாதென்று வாசனைச் சோப்பு, பவுடர் என்று அடுக்குவது. ஒருகாலத்தில் அரித்த காரணம் போய்விட்டிருக்கும். இப்போது அரிப்பது இந்தக் கழுவலினால். சொறியச் சொறியத் தோல் தடித்து யானைத்தோல் போல ஆகிவிடும். அதை லைக்கன் சிம்ப்ளெக்ஸ் என்கிறோம். அப்போது வெறும் தண்ணீர், பருத்தித் துணி, கழுவியபின் தேங்காய் எண்ணெயோ வாசலினோ, இரவில் சொறியாதிருக்கச் சில நாட்கள் தூக்கம் தரும் அரிப்பு மாத்திரை, அளவோடு ஸ்டீராய்டு. எல்லோருடைய வாயையும் திறந்து ஈறுகளையும் பாருங்கள். ஈறு சிவந்து உரிந்து, யோனிக்குள்ளும் புண் இருந்தால் அது லைக்கன் பிளேனஸ் என்ற வேறொரு தோல் நோயாக இருக்கலாம், அதை நீங்களே வைத்துக்கொள்ளாமல் அனுப்பிவிடுங்கள்.


பதில் 4
எழுதியவர்: கிராமசுகாதாரம்_25

நான் 25 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். பரிசோதனையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பரிசோதனைக்கு அந்தப் பெண்களைச் சம்மதிக்கவைப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இங்கே முதல் தடை மாமியாரோ மருமகளோ கூடவே நிற்பது. அவரை வெளியே போகச் சொன்னால் சந்தேகம் வரும். "எடை பார்க்க வேண்டும், சிறுநீர் எடுத்துவர வேண்டும்" என்று நோயாளியைத் தனியே உள்ளே அழைத்துக்கொண்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். "உறுப்பைப் பார்க்கணும்" என்று சொல்லாமல், "அரிக்கிற இடத்தை வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துட்டா, சரியான மருந்து எழுதலாம் ஆச்சி" என்று சொல்லுங்கள். முழங்கால் வரை ஒரு போர்வை, கதவில் தாழ்ப்பாள், உடன் ஒரு பெண் ஊழியர். இவை மூன்றும் இருந்தால் மறுப்பவர் குறைவு. மணமாகாத பெண்ணுக்கு ஸ்பெகுலம் வேண்டாம். வெளியே பார்ப்பதும் மெல்லிய குச்சியால் தொட்டெடுப்பதும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தாயின் முகம் தெளிந்துவிடும்.

இன்னொன்று: மாதத்தின் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக, வாடையும் அரிப்பும் இல்லாமல் வருவதையும் இங்கே வெட்டை என்றுதான் சொல்கிறார்கள். அதற்கும் பச்சைத் தொகுப்பு போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு மருந்து வேண்டாம். "இது நோய் இல்லை" என்று ஒரு மருத்துவர் சொன்னால் போதும்.


பதில் 5
எழுதியவர்: செம்மண்சாலை

அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். எதையாவது செய்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

பி.எச். தாளைச் சொந்தச் செலவில் வாங்கினேன். ஆய்வக நுட்பநர் முதலில் முகம் சுளித்தார். சிங்கப்பூர்க்காரரின் மனைவியின் தகட்டில் டிரைக்கோமோனாஸ் ஓடுவதைப் பார்த்த பிறகு அவரே என்னை அறைக்கு வந்து அழைத்துப்போய்க் காட்டினார். பி.எச். 6 இருந்தது. ஏழு நாள் மருந்து முடித்துவிட்டார். கணவரிடம் அவரே தொலைபேசியில் பேசினார். "நான் சொன்னா சண்டை வரும், நீங்க சொன்னதாச் சொல்றேன்" என்றார், சரி என்றேன். கணவரும் அங்கே மருந்து எடுத்துக்கொண்டதாகத் தகவல்.

புதுவயல் பெண்ணிடம் மாத்திரைப் பட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். எங்களிடம் வாங்கும் மெட்ஃபார்மினுடன், தனியார் மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்த டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையையும் நான்கு மாதங்களாக வெளியில் வாங்கிச் சாப்பிடுகிறார். தொந்தரவு தொடங்கியதும் நான்கு மாதங்களுக்கு முன்தான். தகட்டில் இழைகள் தெளிவாகத் தெரிந்தன. பட்டாலை அம்மா கேட்டதன் பொருள் இதுதானா? மாத்திரையை நிறுத்தச் சொல்லலாமா?

ஆச்சியைப் போர்வை போர்த்தி, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தேன். பூண்டுத் தோல் என்று அம்மா எழுதியது நினைவுக்கு வந்தது. வேறு சொல் தேவையில்லை. மலவாய் வரை 8 வடிவம். இடப்பக்கச் சிற்றுதடு இல்லை, வலப்பக்கம் கொஞ்சம் மிச்சம். புண்ணோ மேடோ இல்லை. காலையும் இரவும் கிருமிநாசினி கலந்த வெந்நீரில் கழுவி வந்திருக்கிறார், நிறுத்தச் சொன்னேன். மூன்று கலந்த டியூபும் முந்தானை முடிச்சிலிருந்து வந்தது. ஆகையால் தோல் மருத்துவர் ஐயா சொன்னபடி சிவகங்கைக்கு அனுப்பித் திசு எடுத்தோம். முடிவு லைக்கன் ஸ்க்ளீரோசஸ்தான். களிம்பைத் தொடங்கி இரண்டரை வாரங்கள் ஆகின்றன.


பதில் 6
எழுதியவர்: பட்டாலை

அதுதான் பொருள். டாபாக்ளிஃப்ளோசினும் எம்பாக்ளிஃப்ளோசினும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால், அந்த இடம் பூஞ்சைக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றி வைத்தது போல ஆகிறது. தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் தொந்தரவு அதிகம். 2020-இல் டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதிலிருந்து இதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ வேண்டித்தான் அதை எழுதியிருக்கக்கூடும். எழுதியவருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள். இதற்கிடையில் எச்.பி.ஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவு) பார்த்து, கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராமை முதல், நான்காம், ஏழாம் நாட்களில் கொடுங்கள். ஓராண்டில் மூன்று முறைக்கு மேல் வந்திருந்தால் அதன்பின் வாரம் ஒன்றாக ஆறு மாதம். கர்ப்பிணி என்றால் வாய்வழி மாத்திரை கூடாது. யோனிக்குள் வைக்கும் க்ளோட்ரிமசோல் ஏழு நாட்கள் மட்டுமே. இத்தனைக்கும் அடங்காவிட்டால் வழக்கமான அல்பிகன்ஸ் வகை அல்லாத வேறு கேண்டிடாவாக இருக்கலாம். அப்போது வளர்ப்புச் சோதனைக்கு என்னிடமோ சிவகங்கைக்கோ அனுப்புங்கள்.

ஆச்சிக்குப் பாதை சுருங்கியிருக்கிறதா, சிறுநீர் சிதறுகிறதா என்று கேட்டீர்களா? வறட்சியும் சேர்ந்திருந்தால் எஸ்ட்ரியால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜென்) 0.1 சதவீதக் க்ரீமை யோனிக்குள் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்திற்கு இருமுறை வைக்கலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவரா என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.


பதில் 7
எழுதியவர்: செம்மண்சாலை

சிதறல் இல்லை, மார்பில் எந்தப் பிரச்சினையும் இருந்ததில்லை, வறட்சி இருக்கிறது, எஸ்ட்ரியால் எழுதியிருக்கிறேன். புதுவயல் பெண்ணின் எச்.பி.ஏ1சி 9.2, தனியார் மருத்துவருக்குக் கடிதம் போய்விட்டது.

ஆச்சி நேற்று வந்திருந்தார். விடியும்வரை தூங்குகிறாராம். டியூபை எடுத்துக் காட்டச் சொன்னேன். கணக்குக்குச் சரியாகத் தேய்ந்திருந்தது. எழுந்து போகும்போது கதவருகே நின்று, "எங்க சம்பந்தியாச்சிக்கும் இதேதான் ஆத்தா, அவுகளுக்கும் இதே டியூபுல ஒண்ணு எழுதிக் குடு" என்றார். நேரில் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறார்கள்.